சென்னை - சிங்கப்பூர்: 4 மணி நேரப் பயணமா, 10 மணி நேரப் பயணமா? டிக்கெட் சொல்லாத கணக்கு!

"4 மணி நேர ஃப்ளைட்தானே... வந்துடுவேன்."

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் வீட்டுக்கு போன் போட்டு அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. டிக்கெட் புக் செய்யும் ஆப்பும் அதையேதான் காட்டுகிறது. ஆனால், அந்த 4 மணி நேரத்தை மட்டும் நம்பிப் போடும் திட்டம் சில நேரம் சறுக்கிவிடும். வேலையில் சேரும் முதல் நாளே லேட், கனெக்டிங் விமானம் மிஸ். எல்லாவற்றையும்விட மோசம், ஊரில் ஓர் இறப்பு என்று ஓடி வந்தும் கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போவது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே உண்மையில் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று ஏன் காட்டுகிறது? எளிமையாகப் பார்ப்போம்.

மூன்று எண்கள்... ஒரே தூரம்!

இணையத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைத் தேடினால் முதலில் குழப்புவது எண்கள்தான். சென்னை - சிங்கப்பூர் தூரம் ஓர் இடத்தில் ஏறத்தாழ 2,920 என்று இருக்கும். இன்னோர் இடத்தில் 1,815. வேறோர் இடத்தில் 1,580. மூன்றும் சரிதான். முதலாவது கிலோ மீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது நாட்டிக்கல் மைல். ஒரு மைல் என்பது 1.609 கி.மீ., ஒரு நாட்டிக்கல் மைல் என்பது 1.852 கி.மீ. விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்துவது இந்த நாட்டிக்கல் மைலைத்தான்.

சரி, இந்தத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? விமானம் பறந்த பாதையை அளந்து சொல்வதில்லை. பூமி உருண்டை மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் மீனம்பாக்கத்துக்கும் சாங்கிக்கும் இடையே எது மிகக் குறுகிய கோடோ, அதன் நீளம்தான் இது. அந்தக் கோடு வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து, இந்தியாவின் தென்கோடியான பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனைக்குப் பக்கத்தில் போகும். பிறகு சுமத்ரா தீவின் வட முனையில் உள்ள பண்டா ஆச்சேவைத் தொட்டும் தொடாமலும் கடந்து, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரை அடையும்.

விமானம் அந்த நூல் மேலேயே போகுமா என்றால், போகாது. வானத்திலும் சாலைகள் மாதிரி வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு. சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் எல்லை முடிந்ததும் கோலாலம்பூர், அடுத்து சிங்கப்பூர் என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு விமானம் மாறிக்கொண்டே போகும். கிளம்பும் திசையும் முக்கியம். சென்னையில் மேற்குக் காற்று வீசும் நாள்களில் விமானங்கள் காற்றை எதிர்த்து மேற்குப் பக்கமாக மேலே ஏறும். சிங்கப்பூர் இருப்பதோ கிழக்கே! எனவே, கிளம்பியதும் ஒரு பெரிய யூ-டர்ன் போட்ட பிறகுதான் கடல் பக்கம் வரும்.

இந்த ரூட்டில் இதெல்லாம் சிறிய கூடுதல்தான். சில ரூட்களில் இதுவே பெரிய சிக்கலாகிவிடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லிக்கும் தாஷ்கண்டுக்கும் இடையிலான தூரம் அன்று ஒரு கி.மீ. கூட மாறவில்லை. ஆனால், சுற்றிப் போக வேண்டிய நிலை வந்ததால், தாஷ்கண்ட், அல்மாட்டி நகரங்களுக்கான சேவைகளை இண்டிகோ அப்போது நிறுத்தியது. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே ஓர் ஊர் பக்கமாகிவிடாது.

4 மணி நேரம் எங்கிருந்து வருகிறது?

இந்த ரூட்டில் பறக்கும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் உச்சியில் மணிக்கு 830 முதல் 850 கி.மீ. வேகத்தில் போகும். ஏ350, போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் 900 கி.மீ.யைத் தொடும். 2,900-ஐ 840-ஆல் வகுத்தால் சுமார் மூன்றரை மணி நேரம் வருகிறது. அப்படியானால் டிக்கெட்டில் ஏன் 4 மணி 10 நிமிடம், 4 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது?

முதல் காரணம், ஏறும்போதும் இறங்கும்போதும் விமானத்தால் அந்த வேகத்தில் போக முடியாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் என்ற வேக வரம்பு உண்டு. அதாவது, மணிக்கு சுமார் 463 கி.மீ.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை. விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் கட்டையை எடுத்து, அது நிற்கும் இடத்தைவிட்டு நகரும் நொடியிலிருந்து, சாங்கியில் போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடி வரைக்குமான நேரம் அது. இதை விமானத் துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, தரையிறங்கிய பிறகு கேட் வரை போவது எல்லாமே இதில் அடக்கம்.

மூன்றாவது, விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டுவைக்கும். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது 'சரியான நேரத்தில் வந்த விமானம்' என்பது துறையில் பரவலாக உள்ள அளவுகோல். கையில் 15, 20 நிமிடம் வைத்திருந்தால் கிளம்பும்போது கொஞ்சம் தாமதமானாலும் பேர் கெடாது. "நாம் 20 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி அறிவிக்கும்போது பலரும் மகிழ்வது உண்டு. அந்த 20 நிமிடம் பெரும்பாலும் நமக்கு முன்பே கூட்டிச் சொல்லப்பட்ட நேரம்தான்.

போக 6 மணி 50 நிமிடம்... வர 1 மணி 40 நிமிடம்?

உதாரணத்துக்கு ஒரு டிக்கெட். சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி, மறுநாள் காலை 6.05-க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறது. கழித்துப் பார்த்தால் 6 மணி 50 நிமிடம். திரும்பும் விமானம் சிங்கப்பூரில் இரவு 8.30-க்குக் கிளம்பி, சென்னைக்கு 10.10-க்கு வந்துவிடுகிறது. வெறும் 1 மணி 40 நிமிடம்!

காரணம் சிம்பிள். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அந்த இரண்டரை மணியைக் கழியுங்கள், 4 மணி 20 நிமிடம். வரும்போது கூட்டுங்கள், 4 மணி 10 நிமிடம். அவ்வளவுதான்.

இதில் ஒரு சுவாரஸ்யமும் இருக்கிறது. சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை மணி நேரம் இல்லை. தீர்க்கரேகை ஒரு டிகிரி நகர்ந்தால் 4 நிமிடம் என்பது பள்ளியில் படித்த கணக்கு. இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 24 டிகிரி. அப்படியென்றால் சுமார் 95 நிமிடம்தான். மீதி 55 நிமிடம் எப்படி வந்தது?

அது அரசாங்கம் எடுத்த முடிவு. 1981 வரை சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட 2 மணி நேரம்தான் முன்னால் இருந்தது. தீபகற்ப மலேசியாவுக்கும் போர்னியோ தீவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்களுக்கும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. பக்கத்து வீட்டுக்காரரான சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது அங்கே நேரடியாகப் புத்தாண்டு பிறந்துவிட்டது! சிங்கப்பூரில் காலை 7 மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது என்பதற்குக் காரணமும் இதுதான்.

தேதியில் ஏமாறும் இடங்கள்

நேர வித்தியாசம் தெரிந்தவர்கள்கூடச் சறுக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, நள்ளிரவு விமானம். '15-ம் தேதி 00.40' என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ம் தேதி இரவு 9.40-க்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

இரண்டு, அழைத்துப் போக வருபவரின் குழப்பம். சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை இரவு 11.30-க்குக் கிளம்பினால் சென்னையில் சனிக்கிழமை அதிகாலை 1.10 ஆகிவிடும். "வெள்ளிக்கிழமை ஃப்ளைட்" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னால், அவர் எந்த நாள் வந்து நிற்பார்? "வெள்ளி விடிஞ்சா சனி, ராத்திரி 1 மணிப்பா" என்று ஊர் வழக்கில் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

மூன்று, இதுதான் ஸ்மார்ட்போன் காலத்துப் பிரச்னை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, திரும்பும் விமானத்தின் இரவு 8.30 மணியை போன் காலண்டரில் நீங்களே டைப் செய்கிறீர்கள். போன் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இறங்கியதும் தானாக மாற்றி, 'இரவு 11 மணி' என்று காட்டும். அதை நம்பி நிதானமாகக் கிளம்பினால் விமானம் போய்விட்டிருக்கும். காலண்டரில் நேரத்தைப் போடும்போது, நேர மண்டலத்தையும் 'சிங்கப்பூர்' என்று மாற்றி வைப்பது பாதுகாப்பு. பெயரிலேயே 'சிங்கப்பூர் நேரம் 8.30' என்று எழுதி வைப்பது இன்னும் எளிது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. காற்று பின்னாலிருந்து தள்ளினால் விமானம் சீக்கிரம் வரும். முன்னாலிருந்து வீசினால் தாமதமாகும். டெல்லி - டோக்கியோ மாதிரி வடக்கே இருக்கும் ரூட்களில் இது மிகப் பெரிய விஷயம். அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் சீறிப் பாயும். அதனால் டோக்கியோவிலிருந்து டெல்லி திரும்ப, போனதைவிட ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக ஆகலாம்.

சென்னை - சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ரூட். இங்கே கதையே தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேலே 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. இதை ஆராய்ந்து 1958-ல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் ஓர் இந்தியர். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த பி.கோட்டேஸ்வரம்தான் அவர்.

பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கி.மீ. உயரத்தில். அந்த ஓட்டத்தின் கீழ்ப்பகுதி அங்கேயும் உணரப்படும். எனவே, மழைக்கால மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று. சென்னைக்கு வரும் விமானத்துக்குப் பின்காற்று. ஒரு கணக்குக்காக 40 கி.மீ. வேகக் காற்று என்று வைத்துக்கொள்வோம். 850 கி.மீ. வேக விமானம் போகும்போது 810-ஆகக் குறையும். வரும்போது 890-ஆகக் கூடும். அதே 2,900 கி.மீ. தூரத்துக்குப் போக 3 மணி 35 நிமிடம், வர 3 மணி 15 நிமிடம். வித்தியாசம் 20 நிமிடம்தான். நம் திட்டத்தைக் கவிழ்க்கும் அளவுக்கு இந்த ரூட்டில் காற்று பெரிய வில்லன் இல்லை. உண்மையான வில்லன் தரையில்தான் இருக்கிறது.

ஒரே கோட்டில் இருந்தும் இரண்டு மடங்கு நேரம்!

விலை குறைவாக இருக்கிறதே என்று கோலாலம்பூர் வழியாகவோ, கொழும்பு வழியாகவோ டிக்கெட் எடுப்பவர்கள் நிறைய பேர். இதில் தூரத்தைப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இழுத்த அந்த நூல், கிட்டத்தட்ட கோலாலம்பூர் விமான நிலையத்தின் மேலேயே போகிறது. சென்னை - கோலாலம்பூர் சுமார் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கி.மீ. கூட்டினால் நேரடித் தூரத்துக்கும் இதற்கும் சில கி.மீ.கூட வித்தியாசம் வராது. கொழும்பு வழியாகப் போனால் சென்னை - கொழும்பு 650, கொழும்பு - சிங்கப்பூர் 2,750 என மொத்தம் 3,400 கி.மீ.

அப்படியென்றால் கோலாலம்பூர் வழியாகப் போனாலும் 4 மணி நேரத்தில் போய்விடலாமா? முடியாது. நடுவில் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டிய டிக்கெட் என்றால், மொத்தப் பயணம் 9 மணி நேரத்தை எட்டிவிடும். தூரம் அதேதான், நேரம் இரண்டு மடங்கு.

இதிலும் ஒரு பெரிய ரிஸ்க் உண்டு. சென்னை - கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர் - சிங்கப்பூர் தனியாக இன்னொரு டிக்கெட் என்று வேறு வேறு நிறுவனங்களில் எடுத்தால், அது சட்டப்படி இரண்டு தனித்தனிப் பயணம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. புது டிக்கெட் உங்கள் செலவு. செக்-இன் செய்த பெட்டி இருந்தால், மலேசியாவுக்குள் இமிக்ரேஷன் முடித்து நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அங்கே இரண்டு முனையங்கள் தனித்தனிக் கட்டடங்கள் என்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டி வரலாம். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு விமானமும் இருக்கும் டிக்கெட்டில் இந்தத் தலைவலி குறைவு.

கொஞ்சம் தூரம் கூடினால் வீடு பக்கம்!

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்த போன் காலுக்கு வருவோம். ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். சொந்த ஊர் புதுக்கோட்டை. இரவு 9 மணிக்கு போன் வருகிறது. தாத்தா தவறிவிட்டார். மாமா பேசுகிறார்: "நாளைக்குச் சாயந்தரம் 4 மணிக்கு எடுக்கிறதா முடிவு பண்ணிருக்கோம் மாப்ள. நீ வந்துடுவியா?"

பதறிக்கொண்டு ஆப்பைத் திறக்கிறார். காலை 7 மணிக்குச் சென்னைக்கு ஒரு விமானம். 10 மணிக்குத் திருச்சிக்கு ஒரு விமானம். இவை உதாரணத்துக்கான நேரங்கள்தான். யாராக இருந்தாலும் கை முதலில் 7 மணி விமானத்துக்குத்தான் போகும். முதலில் கிளம்புவதுதானே முதலில் போய்ச் சேரும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

• சென்னை வழி: காலை 7 மணிக்குக் கிளம்பினால், நம் நேரம் 8.40-க்கு இறங்கலாம். இமிக்ரேஷன் முடித்து வெளியே வர 9.40. சென்னையிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 390 கி.மீ. காரில் நிற்காமல் வந்தாலும் 7 மணி நேரம். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது மாலை 4.40.

• திருச்சி வழி: காலை 10 மணிக்குக் கிளம்பினால், நம் நேரம் 11.45-க்கு இறங்கலாம். வெளியே வர 12.45. திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை சாலையில். ஊருக்கு 50 கி.மீ. கூட இல்லை. 1.45-க்கு வீட்டில் இருப்பார்.

மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியவர், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முன்னதாக வீடு வந்து சேர்கிறார். இத்தனைக்கும் சிங்கப்பூரிலிருந்து திருச்சி சுமார் 2,980 கி.மீ. சென்னையைவிட 60 கி.மீ. அளவுக்குக் கூடுதல் தூரம். வான்வழியில் சில நிமிடம் அதிகம், தரைவழியில் ஆறு மணி நேரம் மிச்சம்.

டெல்டா மாவட்டங்களுக்கும் புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்துக்கும் சிங்கப்பூரோடு இருக்கும் உறவு தெரிந்தவர்களுக்கு, திருச்சி விமானங்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். கொங்குப் பகுதிக்காரர்களுக்குக் கோவையிலிருந்து இருக்கும் நேரடி விமானமும் அப்படித்தான். ஆப்பில் 'சிங்கப்பூர் - சென்னை' என்று மட்டும் தேடினால் இவை கண்ணிலேயே படாது.

இன்னொன்று. அப்படியொரு நேரத்தில் ஊருக்குச் சொல்ல வேண்டியது விமானம் இறங்கும் நேரத்தை இல்லை. "இந்திய நேரம் 2 மணிக்கு வீட்டு வாசல்ல இருப்பேன் மாமா. தாமதமானா 3 மணி" என்று சொல்லுங்கள். எடுப்பதைத் தள்ளிவைக்கலாமா வேண்டாமா என்று அங்கே இருப்பவர்கள் முடிவெடுக்க அந்த ஒரு தகவல்தான் தேவை.

வாசலிலிருந்து வாசல் வரை

சரி, சென்னைவாசி ஒருவர் சாதாரணமாகச் சிங்கப்பூர் போகும்போது உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்? கொஞ்சம் தாராளமாகவே போடுவோம்.

• வீட்டிலிருந்து மீனம்பாக்கம்: 1 மணி நேரம்
• விமானம் கிளம்பும் முன் விமான நிலையத்தில்: 3 மணி நேரம்
• விமானத்தில்: 4 மணி 15 நிமிடம்
• சாங்கியில் இமிக்ரேஷன், பெட்டி: 45 நிமிடம்
• அங்கிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் லிட்டில் இந்தியா: 1 மணி நேரம்

மொத்தம் 10 மணி நேரம். இதில் விமானத்துக்குள் இருப்பது பாதிக்கும் குறைவு.

திங்கள்கிழமை காலை 9 மணிக்கு வேலையில் சேர வேண்டியவர், ஞாயிறு இரவு 11.15 விமானத்தைப் பிடித்தால் காகிதத்தில் கணக்கு சரியாக வரும். 6.05-க்கு இறங்கி, 8 மணிக்கு ஊருக்குள் வந்துவிடலாம். ஆனால், விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் முதல் நாளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கும். தாமதமே ஆகாவிட்டாலும், சரியாக மூன்று மணி நேரம்கூடத் தூங்காத கண்ணோடுதான் முதல் நாள் மீட்டிங்கில் உட்கார வேண்டும். முக்கியமான வேலை என்றால் ஒரு நாள் முன்பே போய்விடுவது நல்லது.

புக் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

1. ஆப்பில் 'மொத்தப் பயண நேரம்' என்று இருப்பதைப் பாருங்கள். கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நீங்களே கழித்துப் பார்க்க வேண்டாம். கழித்தால், இரண்டரை மணி நேரத்தை மறக்க வேண்டாம்.

2. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சிறியதாக இருந்தால், மறுநாள் இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். ஹோட்டல் அறையையும் அந்தத் தேதிக்குத்தான் போட வேண்டும்.

3. சென்னை மட்டுமே விமான நிலையம் இல்லை. போக வேண்டிய ஊரை வைத்துத் திருச்சி, கோவையையும் தேடிப் பாருங்கள்.

4. வெளிநாட்டு விமானங்களுக்கு, கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போதே பெரும்பாலான நிறுவனங்கள் செக்-இன் கவுன்டரை மூடிவிடும். டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நகரும் நேரம். நீங்கள் போய் நிற்க வேண்டிய நேரம் இல்லை.

5. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் செல்ல விசா தேவை. அதோடு, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் 'எஸ்.ஜி. அரைவல் கார்டு' படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் அரசின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசின் தளம் இல்லை.

6. அடிக்கடி போய் வருபவரா? இந்திய அரசின் விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 2025 ஜனவரியில் சென்னை விமான நிலையத்துக்கும் இது வந்துவிட்டது. ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையும் முகப் படமும் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டால், நீண்ட வரிசைக்குப் பதில் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம்.

ஒரு வாரத்திலிருந்து 4 மணி நேரத்துக்கு...

நம் தாத்தா, பாட்டி காலத்தில் இதே பயணம் கப்பலில். 1926-ல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. ஒரு நடை போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஊரில் ஒருவர் தவறினால் அக்கரையில் இருப்பவருக்குத் தந்தியோ கடிதமோதான் வரும். வந்து முகம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஒரு வாரத்தை விமானம் 4 மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. அதனால்தான் "வந்துடுறேன்" என்று நம்மால் சொல்லவே முடிகிறது. அடுத்த முறை அப்படிச் சொல்லும் முன், ஒரு நிமிடம் எடுத்து வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் நீங்கள் சொன்ன நேரத்தை நம்பிக் காத்திருப்பார்.